பதினாறாம் சேனல்

சிறுசேரி கம்பெனி ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்றது.
அம்மா விரலை மடக்கி மாதக்கணக்காக்கி
கல்விக்கடன் தவணையைக் கழித்து
மீதியில் மாடிப்படி வரைக்கும் கட்டிவிட்டாள்.
நான் பெங்களூருக்கு ரயிலேறினேன்.

நெஞ்சில் பதினொன்று என்று துணி கட்டினார்கள்.
ஐந்து நாள் என் பெயர் அதுதான்.
பலகை, கயிறு, பீப்பாய்.
தரையில் கால்படாமல் பள்ளத்தைத் தாண்டவேண்டும்.
பையன்கள் யார் தலைமை என்று
இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் முடிச்சுப் போட்டேன்.
அது எந்த செமஸ்டரிலும் வந்ததில்லை.

மருத்துவர் கேட்டார்: பாம்பனா? நன்றாக நீந்துவாயே?
தெரியாது என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
வடக்கே அடங்கிக் கிடப்பது பெண்கடல்,
தெற்கே மல்லுக்கட்டுவது ஆண்கடல்
என்று பெயர் வைத்த ஊரில்
இரண்டிலும் குதித்ததெல்லாம் பையன்கள்.
எனக்குக் கடல் என்பது
பள்ளிக்கூடம் போகுமுன் காரல் காயப்போடும் இடம்.

கடைசி நேர்காணல். ஒரு கமாண்டர்.
மதிப்பெண் பட்டியலை ஓரமாகத் தள்ளிவைத்தார்.
"இறுதியாண்டு ப்ராஜெக்ட்?"
"ரேடார் திரையில் எது படகு, எது அலை என்று
பிரித்துச் சொல்லும் நிரல், சார்."
"எவ்வளவு சரியாகச் சொல்கிறது?"
"நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு."
"மீதி ஆறு?"
"படகை அலை என்று சொல்லிவிடும்.
மரவல்லம், சார். எதிரொலி மெலிசு."

அந்த ஆறைப் பற்றி
அவரிடம் முழுதும் சொல்லவில்லை.
அப்பாவை நான்கு நாள் தேடினார்கள்.
உச்சிப்புளியிலிருந்து விமானமும் வந்தது.
குடிசைக்கு மேலே தாழப் பறந்தபோது
கருவாடு மேலெல்லாம் மணல்.

பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"எல்லைக்கோட்டைத் தாண்டப்போகும் ஒரு படகு.
உன் அண்ணனுடையது. உன் திரையில்.
என்ன செய்வாய்?"
பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பதில்
நாக்கு நுனியில் நின்றது.
"பதினாறாம் சேனலில் கூப்பிடுவேன்."
"எந்த மொழியில்?"
அதற்கு மையத்தில் பதில் தரவில்லை.
"திட்டுகிற மொழியில், சார்."

அவர் சிரித்தாரா என்று இப்போதும் தெரியவில்லை.

பிரிட்டோ அண்ணனிடம் சொன்னேன்.
என் கறுப்பு டிரங்குப் பெட்டிமேல்
பெயர் எழுதிக்கொண்டிருந்தான்,
படகுக்கு எண் எழுதும் அதே பிரஷ்,
மிச்சம் கிடந்த அதே பச்சை.
"செட்டு போன கச்சான்லயே உப்புத்தண்ணி குடிச்சுச் செத்துப்போச்சு.
நீ எந்தச் சேனல்ல கூப்பிட்டா எனக்கென்ன."
பிரஷைத் தோய்த்தான்.
"ஆபீசரானா எங்களப் புடிப்பியா, விட்ருவியா?"
சிரித்தபடிதான் கேட்டான்.
சிரிப்பு முடிந்த பிறகும் பிரஷ் அந்தரத்தில் நின்றது.
பச்சை ஒரு சொட்டு தரையில்.
நான் வேட்டியில் துடைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

"பேருக்கு முன்னால என்ன போடணும்?"
"கேடட்."
"அது என்ன, கெடாத மீன் மாதிரி."
எழுதினான்.
ஜெசிந்தாவுக்கு இடம் போதாமல்
கடைசி எழுத்து பெட்டியின் விளிம்பில் மடங்கி இறங்கியது.
அம்மா ஒரு வார்த்தை பேசாமல்
பெட்டியைத் திறந்து,
கேட்டு வரச்சொன்ன பட்டியலில் இல்லாத
ஊறுகாய் பாட்டிலை
வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள்.
எடுத்தேன். மறுபடி வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில்,
கண்டக்டர் விசிலுக்குப் பிறகு,
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி ஓடிவந்தான்:
"புது செட்டு என்ன வெலை வரும்?
சும்மாதான் கேட்டேன்."

பாலத்தில் ஏறியதும் எல்லோரையும் போல
நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.
வடக்கே வல்லங்கள் திரும்பிக்கொண்டிருந்தன.
எண்ணினேன்.
நாலு வருடப் பழக்கம், சுழியத்திலிருந்து.
பன்னிரண்டில் முடிந்தது.
எதிரே உட்கார்ந்திருந்த சிறுமியும்
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"பதிமூணு" என்றாள் சத்தமாக.
உள்ளங்கையில் பச்சை இன்னும் காயவில்லை.